ஆணி அடிக்காத சுவர்

ஈரக் கம்பளியும் ஊர்பேர் தெரியாதவர்களின் கால் வியர்வையும் கலந்த ஒரு வாடை, செக் நாட்டுக் கோட்டை ஒன்றின் வாசலில் இருந்த மரப்பெட்டியிலிருந்து வந்தது. பார்க்க வருபவர்கள் பழைய மரத்தரையில் கீறல் விழாமல் சப்பாத்துக்கு மேலே மாட்டிக்கொள்ளும் கம்பளிச் செருப்புகள் அதற்குள் குவிந்து கிடந்தன. எனக்குப் பன்னிரண்டு வயது. சிட்னியிலிருந்து ஜெர்மனிக்குச் சித்தப்பாவிடம் விடுமுறைக்குப் போயிருந்த எங்களை, அவர்தான் எல்லை தாண்டிக் காரில் கூட்டிப்போனார். அப்பாவோ யார் வீட்டு வாசலிலும் செய்வதுபோலக் குனிந்து, தன் சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாகச் சோடி சேர்த்து வைத்துவிட்டார்.

“வெறுங்காலோட போகேலாதாம் அண்ணை. சப்பாத்தைப் போட்டு, அதுக்கு மேல இதைப் போடட்டாம்” என்றார் சித்தப்பா.

அந்த நாட்களில் சிட்னியின் மெரிலேண்ட்ஸ் பகுதியில், ஒரு வாடகை ‘யுனிற்’றில், அதாவது அடுக்குமாடி வீடொன்றில், இருந்தோம். வாடகை வீட்டில் கேட்காமல் ஆணி அடிக்கக்கூடாது. அதனால் சாமிப் படங்களும் அப்பப்பாவின் படமும் அலுமாரி மேலே சுவரில் சாய்ந்தபடி நின்றன. சிறியதாகவேனும் ஒரு வீடு வாங்கவேண்டும் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா சொல்வது ஒன்றுதான்: “எங்களுக்கு வீடு இருக்கு.” இருந்தது. யாழ்ப்பாணத்தின் வடகரையில், இராணுவம் பிடித்துவைத்திருந்த பாதுகாப்பு வலயத்துக்குள், சொந்தக்காரரே எட்டிப் பார்க்க முடியாத இடத்தில்.

கோட்டையின் வழிகாட்டிப் பெண் ஜெர்மன் மொழியில் விளக்க, சித்தப்பா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். கட்டியவர்கள் ஒரு போரில் தோற்று ஓடினார்கள். அரசன் அதைத் தன் தளபதிக்குக் கொடுத்தான். அவன் வாரிசுகள் விற்றார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்பா ஒரே கேள்வியைக் கேட்டார்.

“அவையள் பிறகு எங்க போனவையாம்?”

“அண்ணை, முந்நூறு வருசத்துக்கு முந்தினவையை நான் எங்கயெண்டு தேடுறது?”

அம்மா படங்களையும் மான்கொம்புகளையும் பார்க்கவில்லை, அவை தொங்கிய சுவரைப் பார்த்தார். “எவ்வளவு ஆணி. ஆரிட்டயும் கேட்டு அடிக்கேல்லைப் போல.”

கடைசிக் குடும்பத்திடமிருந்து முதலில் ஜெர்மன் படையும், பிறகு நாட்டின் அரசும் கோட்டையைப் பறித்தன. நாற்பது வருடங்களுக்கு மேலான பின், ஆட்சி மாறியதும் அந்தக் குடும்பத்தின் மகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். வழிகாட்டி கண்ணால் காட்டிய பக்கம் நாங்கள் திரும்பினோம். அந்த மகள், இப்போது மெலிந்த கிழவி, எங்களுடையதைப் போன்ற கம்பளிச் செருப்போடு வழுக்கி நடந்துவந்து, வெயில் படாமல் ஒரு திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனார்.

“கிடைச்சிருக்கெல்லோ” என்றார் அப்பா.

“ஓம், பல்லெல்லாம் விழுந்தாப் பிறகு” என்றார் அம்மா.

ஒரே செய்தியை அப்பா நம்பிக்கையாகவும் அம்மா தண்டனையாகவும் எடுத்துக்கொண்டார்கள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு அம்மா வீட்டுப் பேச்சை எடுப்பது குறைந்தது, கடைசியில் நின்றுபோனது. மெரிலேண்ட்ஸிலிருந்து லிட்கமுக்கு மாறினோம், அதுவும் வாடகைதான். அம்மா அங்கேதான் காலமானார்.

அடுத்த வருடம் இராணுவம் எங்கள் காணியை விட்டது. அப்பா தனியாகப் போய் வந்தார். கூரையில்லை, கதவு நிலைகளும் இல்லை, நடுக்கூடத்தில் ஒரு வேம்பு வளர்ந்திருந்தது என்று மட்டும் சொன்னார். ஊரில் அவரைக் காணிக்குக் கூட்டிப்போன உறவினர்தான் தொலைபேசியில் மிச்சத்தைச் சொன்னார்: கண்ணாடித் துண்டுகள் கிடந்த வாசற்படியில், சொல்லச் சொல்லக் கேளாமல், அப்பா சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போனாராம்.

போன ஞாயிறு லிட்கமில் அலுமாரி மேல் தூசி துடைத்தேன். அம்மாவின் படம் சுவரில் சாய்ந்தபடி நிற்கிறது.

“ஓனரிட்டக் கேட்டு ஒரு ஆணி அடிப்பமே அப்பா?”

“வேண்டாம். இது வேற ஆரின்ரையோ வீடு.”

எங்களுக்கு வீடு இருக்கிறது என்று அவர் சொல்லிக் கேட்டு நெடுநாளாகிறது. படம் சரியாமல், அடியில் ஒரு கடதாசியை மடித்து வைத்துவிட்டு வந்தேன்.