மாமா பிரித்த காணி

எங்கள் மாமா ஒரு கோடையில், நாங்கள் குடியேறிய பனிநாட்டு நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் கட்டடத்தின் பின்வளவில், மூன்று கிழமை ரஷ்யாவின் ஆட்சியை நடத்தினார். அதைக் கவிழ்த்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். பல்கலைக்கழகத்தில் ரஷ்யாவின் கடைசி மன்னர் காலத்து நிலச் சீர்திருத்தம் பற்றி ஆய்வு எழுதினார். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்துப் பிரதம மந்திரி ஒருவரின் கதை எங்கள் சாப்பாட்டு மேசையில் சொந்தக்காரர் கதையைவிட அதிகம் அடிபட்டது. பண்ணையாருக்கு எதிராகக் கிளம்பிய குடியானவர்களை அவசர வழக்கு வைத்துத் தூக்கில் போட்டாராம். மிஞ்சியவர்களிடம், ஊர்ப் பொதுவில் துண்டு துண்டாய்க் கிடக்கும் நிலத்தை ஒன்றாக்கித் தனிக் காணியாக எடுங்கள் என்றாராம். "ஒரு கையிலை கயிறு, மற்றக் கையிலை காணி உறுதி" என்று மாமா சோற்றுக் கையை ஆட்டுவார். "உன்ரை மந்திரியை முதல் கோப்பையைக் கழுவச் சொல்லு" என்பார் அம்மா.

கட்டடத்தில் நான்கு தமிழ்க் குடும்பங்கள். பின்வளவில் வெயில் படும் இடம், மேப்பிள் மர நிழல், கராஜ் சுவரோரம் என்று மூன்று பகுதி. ஒருவருக்கும் குறை வரக்கூடாது என்று மூன்றிலும் வீட்டுக்கு ஒரு வரிசை வைத்திருந்தோம். எங்கள் கத்தரிக்குப் பக்கத்தில் மாடி வீட்டு அன்ரியின் மிளகாய் நிற்கும். யாருடையதற்கோ யாரோ தண்ணீர் விடுவார்கள், யாரோ பிடுங்கிச் சமைப்பார்கள். கேள்வி கணக்கு எதுவும் இருந்ததில்லை.

அந்த வருடம் நாற்று நடுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, பல்கனியில் தேநீரோடு நின்ற மாமா திடீரென்று கத்தினார். "ஐயோ, இது அச்சொட்டா ரஷ்யக் கிராமமெல்லோ!" நடக்கிற வழியே பாதி நிலத்தைத் தின்கிறது, தனக்கென்று ஒரு காணி இருந்தால்தான் மனிதன் உருப்படுவான் என்று வீடு வீடாகப் போய்ப் பேசினார். படித்த பிள்ளை சொல்கிறது என்று எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். முளை அடித்து, நைலோன் கயிறு கட்டி, நான்காகப் பிரித்தார். சோற்றுப் பானையில் சீட்டுப் போட்டு என்னை எடுக்கச் சொன்னார். எங்களுக்கு வெயில் விழுந்தது. மாடி வீட்டு அன்ரிக்கு முழு நிழல்.

"நிழலிலை மிளகாய் காய்க்குமே தம்பி? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார் அன்ரி. சொன்னதோடு நிற்கவில்லை, வழக்கம்போல வெயிலிலேயே, அதாவது எங்கள் காணியிலேயே, தன் கன்றுகளை நட்டுவிட்டார். மாமா அவற்றைக் கிளப்பித் தயிர் டப்பாவில் வைத்து அவர் வாசலில் விட்டார். தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டார். எனக்கு ஒரு விசில் தந்து பொலிஸ் வேலைக்கு வைத்தார். நானும் வெட்கமில்லாமல் ஊதினேன்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. பள்ளிக்கூடம் விட்டால் அம்மா வேலையால் வரும்வரை நான் அன்ரி வீட்டில்தான். சுடச்சுட ரொட்டி, சம்பல், டிவி, அன்ரியின் கதை. இப்போது ரொட்டி வந்தது, கதை வரவில்லை. மூன்றாம் கிழமை அன்ரி அம்மாவிடம் சொல்லிவிட்டார்: "பிள்ளையை இனி கார்டெரியிலை விடுங்கோ." கார்டெரி என்றால் காசு கட்டி விடும் பிள்ளைகள் காப்பகம். அம்மா மாமாவோடு சண்டை பிடித்தார். மாமா மசியவில்லை. எனக்கு உலகமே இருண்டது. அன்ரி இல்லாமல் நான் என்ன செய்வேன்?

ஞாயிறு விடியக் கத்தரிக்கோலோடு இறங்கினேன். கயிறுகளை வெட்டி முளைகளைப் பிடுங்கினேன். எங்கள் காணியின் நான்கு முளைகள்தான் மிச்சம். நிமிர்ந்தால், சாரத்தோடு, வாயில் பிரஷ்ஷோடு மாமா நிற்கிறார். சரி, தூக்குத்தான் என்று நினைத்தேன்.

அவர் பிரஷ்ஷை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மற்றதெல்லாம் போகட்டும். இந்த நாலையும் விடடி, ராசாத்தி."

மன்னர் கெஞ்சுகிறார்! எனக்குத் துணிவு வந்துவிட்டது. "ஏலாது" என்று அவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மாமா அறுந்த கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டு மேலே போனார். பின்னேரம் அவரே அன்ரியின் மிளகாய்க் கன்றுகளை வெயிலில் நட்டார். "இப்ப வழிக்கு வந்திட்டீரோ தம்பி?" என்று அன்ரி அவருக்கும் ரொட்டி கொடுத்தார். நான் ரஷ்யாவைத் தோற்கடித்த கதையை ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். மாமாவும் கூடவே சிரித்தார். எவ்வளவு நல்ல மனிதர்.

அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. மாமா பள்ளிக்கூடம் படிக்கும்போதே யாழ்ப்பாணத்தில் அவர்கள் வளவை ஆமிக்காரர் முள்ளுக்கம்பி வேலிக்குள் எடுத்துவிட்டார்கள். மாமா பின்வளவைப் பிரித்த கோடைக்கு முந்திய பனிக்காலத்தில்தான் காணியைத் திருப்பித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மாமா காணி உறுதிப் பத்திரத்தோடு ஊருக்குப் போயிருக்கிறார். வீடு, கிணறு, பனை எதுவும் இல்லை. எல்லாம் ஒரே வெளி. எல்லை எது என்று அதிகாரிகள் கேட்டதற்கு அவரால் காட்ட முடியவில்லை. மத்தியானம் வரை வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

"நாலு மூலைக்கும் முளை அடிச்ச காணியெண்டு அவனுக்கு இருந்தது அந்த மூண்டு கிழமைதான்" என்றார் அம்மா. கடைசி முளையை நான் சிரித்துக்கொண்டுதான் பிடுங்கினேன்.