துரை சொன்ன 'பாக்கலாம்'

என் வீட்டு அடுப்படிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஓர் இரும்புப் பட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். முழ நீளம், லேசான வளைவு. பழைய லொறிச் சாமான் என்று நினைத்து, தூக்கிப் போடச் சொல்லாத விருந்தாளி கிடையாது. என் அண்ணன் ஒரு காரின் பின் ஸ்பிரிங்கில் தன் உடம்புக்கென்று சேர்த்த பட்டை அது. அந்தக் காரைப் பந்தயத்தில் ஓட்ட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அப்போது நான் நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பள்ளிக்கூட டீச்சர். அண்ணன் அங்கே உதவி மேனேஜரான வெள்ளைக்காரச் சின்னத் துரையின் டிரைவர். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்து வருடம் ஆகியிருக்கும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வெளியே ஒரு நேர் ரோட்டில் துரைமார்கள் கார்ப் பந்தயம் வைப்பார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, வளைவே இல்லாத அந்தத் தூரத்தை யார் முதலில் கடப்பது என்பதுதான் போட்டி. ஒரு காருக்கு இரண்டு ஓட்டம். இரண்டாவதைக் கார்க்காரர் விரும்பினால் வேறு ஆளிடம் கொடுக்கலாம். எங்கள் துரைக்கும் அண்ணனுக்கும் மாசியிலிருந்தே சோறு தண்ணி இறங்காது.

முதல் சண்டை டயரில். புது டயர்தான் வேண்டும் என்பார் துரை. புது டயரின் தடித்த ரப்பர்ப் பட்டன்கள் தோட்டத்துச் சேற்றுக்குத்தான் சரி, தார் ரோட்டில் நெளியும், பாதி தேய்ந்ததே பிடிக்கும் என்பார் அண்ணன். துரை ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து ஒத்துக்கொண்டார். ஆனால் பின் டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னது துரைதான். அதில் அண்ணன் தோற்றார். நுவரெலியாக் குளிரில் ரப்பர் விறைத்துவிடுகிறதென்று இருவருமாகச் சேர்ந்து டயர்களைத் தேயிலை காயவைக்கும் அறையில் கொண்டுபோய் அடுக்கினார்கள். "தூள் பூரா டயர் வாசம் அடிச்சா கொழும்புல எவன் வாங்குவான்?" என்று தேயிலை ஆலையின் டீமேக்கர் போட்ட கூச்சல் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் வரைக்கும் கேட்டது. துரை பள்ளிக்கூடப் பையனைப் போலத் தலை குனிந்து நின்றாராம்.

அடுத்தது ஸ்பிரிங். முன்பக்கத்தை இளக்கினால், கிளம்பும்போது காரின் மூக்கு தூக்கும், பாரம் பின்சக்கரங்களில் விழுந்து அவை ரோட்டைக் கவ்வும். ஆனால் வேகமாகக் கிளப்பினால் வலது பின்சக்கரம் லேசாகிச் சும்மா சுற்றும். துரை கனத்த உடம்புக்காரர். வலப்பக்கம் அவர் உட்கார்ந்தாலே அந்தக் குறை அடங்கிவிடும். அண்ணனோ ஈர்க்குச்சி. கொழுந்து நிறுக்கும் தராசில் தன்னைத் தானே நிறுத்துப் பார்த்துவிட்டு, வலது ஸ்பிரிங்கில் சேர்க்க இந்தப் பட்டையைத் தட்டி எடுத்தார். ஏனென்றால் அவர் துரையிடம் கேட்டிருந்தார்.

"ரெண்டாவது ஓட்டத்த நான் ஓட்டிப் பாக்கலாங்களா தொரை?"

"பாக்கலாம்."

எனக்கு அந்த வார்த்தையில் நம்பிக்கையில்லை. லயத்துக் கூரை ஒழுகுதுங்க என்றால் பெரிய கிளார்க்கும் "பாக்கலாம்" என்றுதான் சொல்வார். கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. "ஓட்டலாம்னு சொன்னாரா, அப்புறம் பாக்கலாம்னு சொன்னாராண்ணே?" என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்கு எல்லாத்துலயும் இலக்கணம்" என்றார்.

பந்தயத்தன்று துரை முதல் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். இடைவேளையில் அண்ணன் பட்டையைச் சேர்த்து இறுக்கினார். கை கழுவி, கொண்டுபோயிருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டார். நான் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துரை காரை நோக்கி வந்தார். அண்ணன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். துரை ஒரு கணம் தயங்கினார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

இறங்குங்கள், இது என் பாரத்துக்குப் பூட்டியது என்று எந்த டிரைவர் துரையிடம் சொல்வான்? அண்ணன் கதவைச் சாத்தினார். துரையின் பாரமும் பட்டையும் வலப்பக்கமே சேர்ந்ததில் இப்போது இடதுசக்கரம் பிடியில்லாமல் சுற்ற, கார் கோணிக்கொண்டு போய்ப் புல்லில் இறங்கி நின்றது. துரைக்கு அடியில்லை. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "காத்து எறங்கிருச்சுங்க தொரை" என்றார் அண்ணன். அன்றிரவு பட்டையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

சில வருடங்களில் தோட்டம் கைமாற, துரை சீமைக்குப் புறப்பட்டார். நானுஓயா ஸ்டேஷனில் அண்ணன் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார். துரை இறங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு தன் தோட்டத்துத் தமிழில் சொன்னாராம்:

"அன்னிக்கி நீ கேட்டது. நான் பாக்கலாம் சொன்னது. நீ கதவு தொறந்தது. ஒனக்குப் பயம், நீ ஓட்றது வேண்டாம் சொல்றது, அப்பிடி நான் நெனச்சது."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அண்ணன் சிரித்தார். "ஏண்ணே கதவத் தொறந்தீங்க?" என்றேன். "கை தானாப் போயிருச்சு பாப்பா" என்றார். "அவரு வர்றாருன்னதும் தொறந்துட்டேன்."

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தம் வந்து அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது இந்தப் பட்டையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அங்கே போயும் காரோட்டி யாருக்கோ கதவு திறந்துதான் பிழைத்தார். இப்போது அவர் இல்லை. காலையில் அடுப்படிக் கதவைத் திறந்து பட்டையைக் காலால் தள்ளி முட்டுக் கொடுக்கும்போதெல்லாம், அன்றைக்கு அந்தக் கார்க் கதவு மட்டும் சாத்திக் கிடந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்கிறேன்.