டிக்கி ஒயர்

என் வீட்டுக்காரர் ஓட்டிய காரில் அடிக்கடி ஒடிந்தது ஒரே ஒரு ஒயர்தான். டிக்கி மூடியின் கீலை ஒட்டிப் போகும் சிவப்பு ஒயர். அது போனால் நம்பர் பலகைக்கு மேலிருக்கும் சின்ன விளக்கு எரியாது. அந்த விளக்கு எரியாத அன்று அவர் ராத்திரி வீட்டுக்கு வரமாட்டார்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் கோவில்பட்டியில் குடியிருந்தோம். நான் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனேன். அவர் ஒரு முதலாளியிடம் வாடகைக் கார் ஓட்டினார். முதலாளி கறாரான மனுஷர். முன்பிருந்த டிரைவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்ற அன்றைக்கே, "கண்ணு சரியில்லாதவன நம்பி ஜனத்த எப்படி ஏத்தி விடுறது?" என்று சாவியை வாங்கிவிட்டார். அந்தச் சாவிதான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

டிக்கி ஒயர் ஒடிவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர் அண்டாவையும் வாழைத்தாரையும் டிக்கியில் திணிப்பார்கள். மூடி மூடாது. கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டு, கரிசல் பாதையில் ஊர் வரைக்கும் மூடி தூக்கித் தூக்கிப் போட வருவார்கள். கீலுக்கிடையில் ஒயர் மடங்கி மடங்கி ஒடிந்துபோகும். அதனால் "டிக்கி ஒயர் போச்சு" என்று டிரைவர் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

நானும் முதலில் பேசவில்லை. "நம்பர் லைட்டு எரியல. போலீஸ் பிடிச்சா முதலாளிக்கு யாரு பதில் சொல்லுதது? நாகலாபுரத்துலயே படுத்துட்டேன்" என்பார். இன்னொரு நாள் பசுவந்தனை. பிறகு மறுபடி நாகலாபுரம். சுண்டைக்காய் அளவு பல்புக்காக ஒரு ஆண்பிள்ளை ஊர் ஊராகப் படுத்துவிட்டு வருவானா?

போதாக்குறைக்கு வீட்டில் இருக்கும் நாட்களிலும் ஆள் மாறிப்போயிருந்தார். பொழுது சாய்ந்தால் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகமாட்டார். நான் எதிரே நின்று பேசினால் என் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பார். மடியில் கனம் உள்ளவன் பார்வை இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். சட்டையை மோந்து பார்த்தேன். மல்லிகைப்பூ வாசம் வரவில்லை, பெட்ரோல் வாசம்தான் வந்தது. பெட்ரோல் வாசத்தின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒருநாள் காலையில் அவர் தூங்கும்போது வேப்பமரத்தடியில் நின்ற காரின் டிக்கியைத் திறந்தேன். தானாக ஒடிந்த ஒயரை அவர் ஒட்டும்போது பார்த்திருக்கிறேன். செம்பு இழைகள் ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாகப் பிய்ந்து, முனை கறுத்துக் கிடக்கும். இது அப்படி இல்லை. எல்லா இழையும் ஒரே மட்டமாகப் பளபளத்தது. பிளேடு வைத்து அறுத்த ஒயர்.

எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

நான் சண்டை போடவில்லை. ஒயரைச் சரிசெய்தேன். ரெண்டு முனையிலும் தோலைச் சீவி, நடுவில் கொஞ்சம் கூடுதல் ஒயர் கொடுத்து, மூடி திறந்து மூடினாலும் இழுபடாதபடி தளர்வாக விட்டேன். தீக்குச்சி அடுக்கிப் பழகிய விரல், இழையை முறுக்குவதா கஷ்டம்? மேலே டேப் சுற்றி, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி உறை மாதிரி மாட்டினேன். இனி எந்தச் சாக்கைச் சொல்வார் பார்ப்போம் என்று இருந்தேன்.

அடுத்த சவாரிக்கும் அவர் ராத்திரி வரவில்லை. காலையில் வந்து, "லைட்டு எரியல" என்றார். போய்ப் பார்த்தேன். என் ஒட்டு அப்படியே இருந்தது. பல்பைத்தான் காணோம். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் அது இருந்தது.

அதற்கடுத்து நாகலாபுரத்துக்கு ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் விடும் சவாரி வந்தபோது நானும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "நீ எதுக்குட்டி?" என்றார். "ஏன், நான் வரக்கூடாதா?" என்றேன். அவர்களை இறக்கிவிட்டபோது பொழுது அடைந்துகொண்டிருந்தது. இங்கனயே தங்கிக் காலையில் போவோம் என்று ஆரம்பித்தார். நான் முந்தானையிலிருந்து பல்பை அவிழ்த்து, அதன் இடத்தில் மாட்டிவிட்டு வந்தேன். "லைட்டு நல்லா எரியுது. பொறப்படுங்க" என்றேன். அவர் சாவியைத் திருகினார்.

ஊரைத் தாண்டியதும் நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்ட உட்கார்ந்து ஊர்ந்தார். வேண்டுமென்றே பண்ணுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் ரோட்டில் கம்பங்கதிர் காயப்போட்டிருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று பகலில் பரப்புவார்கள், பொழுது சாயும் நேரம் சுற்றிக் கல் வைத்துவிட்டுக் கூட்டி அள்ளுவார்கள். ஒரு பெண் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கல்லும் தெரிந்தது, அவளும் தெரிந்தாள். இவர் நேராக அவள் மேலேயே போனார்.

"ஏங்க, ஆளு! ஆளு!" என்று கத்திவிட்டேன்.

கார் கல்லில் முட்டி நின்றது. அந்தப் பெண் விளக்குமாற்றோடு துள்ளி விலகியவள், "ஏலே, கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்று கத்தினாள்.

அவர் ஸ்டியரிங்கை விடவே இல்லை. "தெரியலட்டி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பொழுது அடைஞ்சா ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு. முதலாளிக்குத் தெரிஞ்சா சாவிய வாங்கிருவாரு."

வேறு பொம்பளை இல்லை என்று முதலில் ஒரு நிம்மதி வந்தது. அது அடங்கும் முன்பே பயம் வந்துவிட்டது. சந்தேகப்பட்டதற்கு நான் வெட்கப்படவில்லை, பொய் சொன்னது அவர்தானே. ஆனால் இதைச் சொல்லாமல் வைத்திருந்தாரே என்றுதான் நெஞ்சு வலித்தது. காரை ஓரங்கட்டி, விடிகிறவரை அங்கேயே இருந்தோம்.

விடிந்ததும் டிக்கியைத் திறந்தேன். சைக்கிள் டியூபை உருவி எடுத்தேன். அவர் பிளேடை நீட்டினார். "வேண்டாம், அறுத்தா முதலாளிக்குத் தெரிஞ்சு போவும்" என்றேன். ஒயரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடக்கி மடக்கி, இழை ஒவ்வொன்றாகப் பிய்கிறவரை ஒடித்தேன். முனைகளில் கரிசல் மண்ணைத் தேய்த்தேன்.

முதலாளி தன் வீட்டு வாசலிலேயே காத்து நின்றிருந்தார். ராத்திரி ஏன் வண்டி வரவில்லை என்றார், இவர் டிக்கி ஒயரைக் காட்டினார். டிக்கிக்குள் தலையை விட்டு, ஒயர் முனையைத் தூக்கி வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தானா ஒடிஞ்சதுதானாம்மா?"

"ஆமா அண்ணாச்சி, தானாத்தான் ஒடிஞ்சது" என்றேன்.