அரைப்புள்ளியின் ஆரஞ்சு அட்டை

அலுவலகத்தில் அவரை எல்லோரும் அரைப்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது. தலைப்பு எழுத்தின் அளவை அரைப் பாயின்ட், அதாவது அரைப் புள்ளி, ஏற்றுவதா இறக்குவதா என்று ஒரு மதியம் முழுக்க மோவாயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடிய மனுஷன் என்பதால் வந்த பெயர். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றே சொல்லலாம்.

ஆரம்பத்தில் பஸ் நேர அட்டவணைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். ஓடிவந்து ஏறப்போகிறவன் மூச்சு வாங்கிக்கொண்டே படித்துவிட வேண்டும் என்ற கட்டாயத்தில் எழுத்தைப் பழகியவர். அப்புறம் இந்த இசைப் பத்திரிகைக்கு வந்தார். வந்ததிலிருந்து முன்னட்டை முதல் பின்னட்டை வரை எல்லாம் அவர் கைதான். கறுப்புக்குத் துணையாக ஒரே ஒரு நிறம், நனைந்த செங்கல் நிறம். கால் நீண்டு இடுப்பு மெலிந்த தலைப்பு எழுத்து. பக்கத்தில் பாதியை வெறும் வெள்ளையாக விட்டுவிடும் துணிச்சல். விளம்பரப் பிரிவுக்காரர் அந்த வெள்ளையைப் பார்த்துச் சண்டைக்கு வரும்போதெல்லாம், "பாடுறவங்க நடுவுல மூச்சு விட வேணாமா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டார். மனைவியின் தம்பி வேலை பார்த்த விளம்பர நிறுவனத்தை ஒருநாள் மூடிவிட்டார்கள். "உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்களேன். சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி. இவரும் பத்திரிகை ஆசிரியையிடம் போய்ச் சொன்னார். சும்மா சொல்லவில்லை, கெட்டிக்காரன், நிறங்களில் நல்ல ரசனை உள்ளவன் என்று வாய் நிறையச் சொன்னார். வாய் தேயவில்லை, வயிறுதான் எரிய ஆரம்பித்தது.

மச்சான் நல்லவன். அதுதான் தொந்தரவே. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். வந்த வேகத்தில் ஒரு டிரம்ஸ் கலைஞரின் பேட்டிக்குப் பக்கம் போட்டான். பக்கம் முழுக்க ஆரஞ்சு, அதன் மேல் கன்னம் உப்பிய மாதிரி உருண்டு திரண்ட எழுத்துகள், ஓரத்தில் ஒரு கீற்று ரோஜா நிறம். அரைப்புள்ளி அதைப் பார்த்துவிட்டு, "கண்ணு கூசுது" என்றார். ஆசிரியையோ, "பக்கத்துலேர்ந்து சத்தம் கேக்குது" என்றார். மொத்த அலுவலகமும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கணக்குப் பிரிவு அம்மா முதல் டீ கொண்டுவருகிறவர் வரை அவனை "மச்சான்" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். தன் வீட்டு உறவு இப்படி ஊர்ச் சொத்தாகிப் போனதில்கூட அரைப்புள்ளிக்குப் பொறாமை.

வீட்டிலும் தப்பிக்க முடியவில்லை. மனைவிக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. "தம்பி போட்ட பக்கத்தைத்தான் எல்லாரும் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. பல்வலியே மறந்துபோச்சுன்னு ஒருத்தர் சொல்றாருங்க" என்றாள் ஒரு காலையில்.

"பல்வலி ஆரஞ்சுல மறக்காது. டாக்டரைப் பாக்கச் சொல்லு."

"வயிறு எரியுதா?"

"எனக்கென்ன எரிச்சல்? நான் சேத்துவிட்ட பையன்."

"அதான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மனைவியிடம் பொய் சொல்வது அரைப்புள்ளிக்கு எந்தக் காலத்திலும் கைவந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆசிரியை அறிவித்தார்: பத்திரிகைக்குப் புதுத் தோற்றம் வேண்டும். விருப்பப்பட்டவர்கள் புது அட்டையும் உள்பக்கங்களும் போட்டுக் கொடுக்கலாம். தேர்வாகிற தோற்றத்தைப் போட்டவரே இனி மொத்த வடிவமைப்புக்கும் பொறுப்பு. அதாவது, அரைப்புள்ளி இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்த நாற்காலி பொதுவில் வந்துவிட்டது.

அந்த அலுவலகத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. எல்லார் வேலையையும் நடைவழிச் சுவரில் வரிசையாகக் குத்திவைப்பார்கள். பெயர் தாளின் பின்பக்கம்தான் இருக்கும். ஆளுக்கு ஒரு வட்ட ஸ்டிக்கர். பிடித்ததன் கீழே ஒட்டிவிட்டுப் போக வேண்டும். எது யாருடையது என்று பார்த்தவுடனேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதுதான் விதி.

அரைப்புள்ளி கணக்குப் போட்டார். செங்கல் நிறத்தை இனி யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஊரே ஆரஞ்சு கேட்கிறது. சரி, அந்த ஆரஞ்சை அவனைவிட நன்றாகப் போட்டுக் காட்டினால் என்ன? பொறாமை மனுஷனை எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். மச்சான் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அந்த ஆரஞ்சில் எத்தனை பங்கு மஞ்சள், எத்தனை பங்கு சிவப்பு என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். உருண்டை எழுத்துரு ஒன்றை வாங்கினார். அதன் வளைவுகளைப் பெரிதாக்கினார், தடிமனைக் கூட்டினார். அவர் கைக்கு அது வரவே இல்லை. வெள்ளை இடத்தைக் கண்டால் விட்டுவைக்கத்தான் கை போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் ரோஜா நிறத்தால் நிரப்பினார்.

இடையில் மச்சான் பழைய இதழ்களைக் கட்டுக் கட்டாக வீட்டுக்கு எடுத்துப்போவதைப் பார்த்தார். "என்னத்துக்குடா?" என்று கேட்டதற்கு, "சும்மா புரட்டிப் பாக்கத்தான் அத்தான்" என்று நெளிந்தான். என் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் கொண்டுபோகிறான் என்று அரைப்புள்ளி முடிவு கட்டினார். அன்றிலிருந்து அவனோடு டீ குடிப்பதையும் நிறுத்தினார்.

சுவரில் எல்லாம் ஏறிய அன்று அரைப்புள்ளி சீக்கிரமே வந்துவிட்டார். முதலில் தன்னுடைய ஆரஞ்சைப் பார்த்தார். அதன் கீழே தன் ஸ்டிக்கரை ஒட்டினார். அடுத்தது புகைப்படக்காரர் ஆசைக்குப் போட்ட நீலம். அதற்கும் அடுத்ததன் முன்னால் கால் நின்றுவிட்டது.

கறுப்பு, கூடவே நனைந்த செங்கல். ஆனால் செங்கலை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கி, பக்கத்தின் ஒரே ஓரத்தில் மட்டும் நிறுத்தியிருந்தது. அதே நீண்ட கால் எழுத்து. இடுப்பை மட்டும் லேசாகக் கனப்படுத்தி, தூரத்திலிருந்து பார்த்தாலும் தலைப்பு கண்ணுக்குத் தப்பாதபடி செய்திருந்தது. வெள்ளை இடம் அவர் விடுவதைவிடவும் தாராளம். தான் போட்டிருக்க வேண்டிய அட்டை, தன்னைவிட நன்றாக எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. தன்னை விட்டால் இதைப் போடக்கூடியவன் மச்சான் ஒருத்தன்தான் என்று புரிந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஸ்டிக்கர்கள் செங்கலின் கீழேயே குவிந்தன. போகிறவர்கள் அரைப்புள்ளியைப் பார்த்து அர்த்தத்தோடு சிரித்துவிட்டுப் போனார்கள். கணக்குப் பிரிவு அம்மா, "கை தெரியுதுங்க. எங்க ஒளிச்சாலும் தெரியுது" என்று காதோடு சொல்லிவிட்டே போனார். ஆரஞ்சின் கீழே ஒரு ஸ்டிக்கர், அவர் ஒட்டினது, அநாதையாக இருந்தது. பாவம் மச்சான், தனக்குத்தானே ஒட்டிக்கொண்டான் போல என்று யாரோ பின்னால் பேசுவதும் காதில் விழுந்தது.

ஆசிரியை வந்தார். எண்ணிப்பார்க்கவே அவசியம் இருக்கவில்லை. "திருப்பிப் பாக்க வேணாம். இந்தக் கையை எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு நேராக அரைப்புள்ளியிடம் வந்து கையைக் குலுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மச்சானும் தட்டினான். தலையைக் குனிந்துகொண்டு, முகம் சிவந்து, ஆனால் மனசாரத் தட்டினான். வாயைத் திறக்கிற உத்தேசமே அவனிடம் தெரியவில்லை. சுவரில் இருக்கிற வெற்றியை அப்படியே எடுத்து அத்தான் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறான்.

அரைப்புள்ளி ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்தால் போதும். நாற்காலி அவருடையதுதான். ஆனால் அந்தக் கைதட்டலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆரஞ்சைத் தாங்கியாயிற்று, ஊரின் புகழ்ச்சியைத் தாங்கியாயிற்று. இவன் எனக்குப் பிச்சை போடுவதா? நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்துவதா? அடிவயிற்றிலிருந்து எழுந்த எரிச்சலில் அவர் ஆசிரியையின் கையை விட்டார்.

"இது என்னுது இல்ல" என்றார். "மச்சானோடது. திருப்பிப் பாருங்க."

திருப்பினார்கள். மச்சான் பெயர்தான் இருந்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து அரைப்புள்ளியின் பெருந்தன்மையைப் புகழ ஆரம்பித்தார்கள். வேறு யாராவது சொல்லுவாங்களா, பெரிய மனசு, என்றார் விளம்பரப் பிரிவுக்காரர். பொறாமையில் செய்த காரியத்துக்கு இத்தனை புகழ் கிடைத்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"அப்ப உங்களோடது எது?" என்று கேட்டார் ஆசிரியை.

அரைப்புள்ளி கையை நீட்டி ஆரஞ்சைக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. விளம்பரப் பிரிவுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

மச்சான் மட்டும் பக்கத்தில் வந்து அந்த ஆரஞ்சை வெகுநேரம் பார்த்தான். பிறகு தணிந்த குரலில் கேட்டான்: "உங்க கையைப் பிடிக்கத்தான் அத்தான் அந்தப் பழைய இதழையெல்லாம் வெச்சுக்கிட்டு இத்தனை நாளா முட்டி மோதினேன். நீங்க எதுக்கு அதை விட்டீங்க?"

பதில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு மறுநாள் அந்த நடைவழியில் நடக்க முடியாது.

"சும்மா, ஒரு மாறுதலுக்கு" என்றார்.

மச்சான் அதை அப்படியே நம்பித் தலையாட்டினான். இவ்வளவு சுலபமாக நம்ப முடிகிறதே இவனால் என்று அதற்கும் பொறாமையாக இருந்தது.