வலைப் பக்கம் ஓடிய மான்கள்

எண்பதுகளின் கடைசியில் லண்டனில், விம்பிள்டனில் ஒரு படச்சட்டக் கடையில் வேலை செய்தேன். ஒருமுறை பழைய வேட்டைப் படங்கள் ஒரு கட்டு வந்தன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தவை. யாரோ ஒருவர் அவற்றைச் சாப்பாட்டு அறையில் மாட்டப்போகிறாராம்.

ஒன்றில் காட்டுப்பன்றி ஒரு நாயின் வயிற்றைக் கிழித்திருந்தது. குடல் தொங்கியபடியே அந்த நாய் பன்றியின் காதைக் கவ்விக்கொண்டிருந்தது. இன்னொன்றில் இரும்புப் பொறியில் மாட்டிய ஓநாய் தன் காலையே கடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மயிரையும் அவ்வளவு பொறுமையாகச் செதுக்கியிருந்தார்கள்.

அப்போது அண்ணன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டூட்டிங்கில் என்னோடு இருந்தார். இராணுவ முகாமில் அடைபட்டிருந்தவர். அதைப்பற்றி வாய் திறந்ததே இல்லை. ஒரு சனிக்கிழமை மதியம் என்னைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்தார். கண்ணாடி போட்டு முடித்த படமொன்று மேசையில் கிடந்தது. மூன்று பக்கமும் ஆட்கள் மேளமடித்து மான்களை விரட்டுகிறார்கள். நாலாவது பக்கம் வலை, அதன் பின்னால் ஈட்டிக்காரர்கள். சீமாட்டிகள் மேடையிலிருந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

அண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆமிக்காரங்கள் எங்களையும் இப்பிடித்தான் கலைச்சவங்கள். மூண்டு பக்கத்தாலயும் சுட்டுக்கொண்டு வந்தாங்கள். கோயில் பக்கம் மட்டும் சத்தமில்லை. எல்லாரும் அங்கதான் ஓடினனாங்கள்."

"வாங்கோ அண்ணை, போவம்," என்றேன்.

அவர் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினார். கையைப் பிடித்த என்னைச் சுவரோடு தள்ளிவிட்டு மறுபடியும் மறுபடியும் குத்தினார். முதலாளி ஓடிவந்து பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தபோது, மணிக்கட்டு பிளந்து படம் முழுக்க இரத்தம்.

முதலாளி பொலிசைக் கூப்பிடவில்லை. துவாயால் கையைச் சுற்றிக் கட்டி, தன் காரிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தையல் போட்ட பிறகு அண்ணன் தன் சிநேகிதனைப் பற்றிச் சொன்னார். கோயிலடியில் முட்கம்பி போட்டிருந்தார்களாம். முன்னால் ஓடிய சிநேகிதன் அதில் சிக்கி விழுந்திருக்கிறான்.

"உயிரோடதான் கிடந்தவன். அவனை மிதிச்சுக்கொண்டுதான் நான் ஓடினனான், தங்கச்சி."

அந்தச் சிநேகிதனின் தாய் லண்டனிலேயே, ஹரோவில், மகளோடு இருந்தார். மகன் என்ன ஆனான் என்று அவருக்குத் தெரியாது. கைக்கட்டு அவிழ்க்குமுன்பே அண்ணன் அங்கே போனார், நானும் கூடப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா அவர் கன்னத்தில் அறைந்தார். கை ஓயும்வரை அறைந்தார். அண்ணன் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு அந்த அம்மா கதவை விரியத் திறந்து எங்களை உள்ளே வரச் சொன்னார்.