சுறாப்புட்டை மறித்த அத்தான்

விராலிமலையில் பஸ்ஸுக்கு நின்றபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. "அத்தான் போயிட்டாங்கடா" என்றார். அவ்வளவுதான். அந்த நேரம் ஜெகதாப்பட்டினம் கடலில் மீன்கள் எல்லாம் வாலாட்டாமல் ஒரு நிமிடம் நின்றிருக்கும். அவற்றை எங்கள் சிதம்பரம் அத்தான் அளவுக்கு அக்கறையாக விசாரித்தவர் வேறு யார்?

அத்தான் புதுக்கோட்டையில் கல்லூரி வேதியியல் பேராசிரியர். நாம் தின்னும் கடல்மீனில் பாதரசமும் ஈயமும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது அவர் ஆராய்ச்சி. மீனை வெறுத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். புது மாப்பிள்ளையாக எங்கள் வீட்டில் விருந்துண்ட அன்று வங்கக் கடல் ஒரு முழம் உள்வாங்கியது.

ஒருமுறை துறைமுகத்திலிருந்து அருமையான வஞ்சிரம் வாங்கி வந்தார். அக்கா மசாலா அரைத்துவிட்டுத் தேடினால் மீனைக் காணோம்.

"மீனு எங்கிட்டுங்க?"

"காலேஜ்ல. ஆசிட்ல கரைஞ்சுக்கிட்டு இருக்கு."

அக்கா அந்த மசாலாவை மட்டும் கொதிக்கவைத்துச் சோற்றில் ஊற்றினார். "இதுல ஒரு பொட்டுப் பாதரசம் கெடையாது. தைரியமா சாப்பிடுங்க." அத்தான் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

என் மகள் மங்கைக்குத் தலைப்பிரசவம் பொன்னமராவதியில் எங்கள் வீட்டில். சம்பந்தி வீட்டார் ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருப்பவர்கள். பால் ஊற வேண்டும் என்று சம்பந்தி அம்மா தம் கையால் சுறாப்புட்டு செய்து எடுத்துவந்தார். பாத்திரத்தைத் திறந்தார், தெருவே மூக்கை நீட்டியது. குழந்தையைப் பார்க்க வந்திருந்த அத்தான் குறுக்கே கை நீட்டினார்.

"மங்கைக்கு இது வேணாங்க. பெரிய மீனு சின்ன மீனத் தின்னு தின்னு, அதுகள்ல இருக்கிற பாதரசத்தையெல்லாம் தனக்குள்ள சேத்துக்குது. கழுவுனாலும் போகாது, வெந்தாலும் போகாது. தாய்ப்பால் வழியா பச்சப்புள்ளைக்குப் போயிரும்."

சம்பந்தி அம்மாவின் முகம் சிவந்தது. "எங்க படகு மீனு விஷமாங்க? நாலு பிள்ளைக்கு இதத் தின்னுதான் பால் குடுத்தேன்." பாத்திரத்தை மூடிக்கொண்டு எழுந்தார். மருமகன் செருப்பைத் தேடினார். மகளின் வாழ்க்கை வாசற்படி தாண்டிப் போவதாகவே எனக்குத் தோன்றியது.

அத்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "விஷம்னு யாருங்க சொன்னா? எனக்கு எலை போடுங்க. எனக்குப் பால் குடுக்கிற வேலை இல்ல."

மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் முறை அவர் கண் பிதுங்கியதை நான் பார்த்தேன். "பூண்டு எப்பங்க போட்டீங்க?" என்று கேட்டதும் சம்பந்தி அம்மா சிரித்துவிட்டார். "அடேயப்பா, இந்த வாத்தியாரு!" மறுநாள் அவரே போன் செய்தார்: "நெத்திலி குடுத்துவிட்டுருக்கேன். வாத்தியாருகிட்டக் கேட்டுட்டே மருமகளுக்குக் குடுங்க."

நேற்று அத்தானுக்குப் பதினாறாம் நாள். சம்பந்தி அம்மா தூக்குவாளியோடு வந்தார். படத்துக்கு முன் போட்ட இலையில் சுறாப்புட்டைத் தாமே அள்ளிவைத்தார். அன்றைய பச்சைப்பிள்ளை யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் கை இலைப்பக்கம் நீண்டது. சம்பந்தி அம்மா பட்டென்று தட்டினார்.

"அது தாத்தாவுக்கு. ஒனக்கு நெத்திலி வறுத்திருக்கு, வா."

நிதானமாகச் சாப்பிடுங்கள், அத்தான். இந்த முறை எங்கள் மானத்தைக் காக்க அல்ல, உங்கள் ஆசைக்கு.