கணக்கில் ஏறிய அரை மணி நேரம்

வேலை மாறிய முதல் வாரம் அப்பா கேட்டார், "புது எடத்துல உனக்கு மேசை குடுத்துட்டாங்களா?"

அப்பா டிப்போவில் பஸ் கழுவுகிறவர். குடும்பத்தில் முதலில் படித்தவன் நான் என்பதற்கு அவருக்கு அடையாளம், பழைய கம்பெனியில் என் பெயர் ஒட்டியிருந்த மேசைதான். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு கிடங்கு நிறுவனம் அது. ஐடி என்றால் நானும் இன்னொருவரும். பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் பாஸ்வர்ட் மறந்தாலும் "தம்பி, கொஞ்சம் வா லா" என்பார்கள். சரிசெய்துவிட்டு அப்படியே அவர்களோடு சாப்பிடப் போய்விடுவேன்.

புது வேலை ஐடி கன்சல்டிங். சம்பளம் கூடுதல், மேசைதான் இல்லை. எந்த வாடிக்கையாளரோ அவர்கள் அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும். என்னைத் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். கழுத்தில் விசிட்டர் அட்டை, கணக்குப் பிரிவின் ஓரத்தில் ஒரு நாற்காலி. அவர்களுடைய சிஸ்டத்தில் எதையெல்லாம் மாற்றலாம் என்று அறிக்கை எழுதுவது வேலை. யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன். வேலை முடிந்ததும் புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு நேரே போகப் பிடிக்காமல் லிட்டில் இந்தியாவில் இறங்கிச் சுற்றினேன். சுற்றிலும் தமிழ்தான். என்னிடம் பேசியது, "டீயா, காப்பியா" என்று கேட்டவர் மட்டும்.

இரண்டாவது வாரம் பக்கத்து மேசை அக்கா பேச்சுக் கொடுத்தார். "பேரு கன்சல்டன்ட்டு, ஒக்கார எடம் ஃபைல் அலமாரி பக்கம். நல்லாருக்கு தம்பி ஒங்க பொழப்பு."

அன்றிலிருந்து அவரும் அவருடைய சீனத் தோழியும் சாப்பிடப் போகும்போது என்னையும் கூப்பிட்டார்கள். உணவங்காடியில் அக்கா ஹலால் கடை வரிசையில் நிற்க, நான் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசை பிடிப்பேன். "எடம் புடிக்கிறதுக்குத்தான் இவ்ளோ படிச்சிருக்காரு," என்பார். காலையிலேயே அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

மாதக் கடைசியில் அவருடைய எக்செல் நின்றுபோனது. "தம்பி, ஹேங் ஆயிடுச்சு லா. இன்னிக்குள்ள அனுப்பணும்."

போய் உட்கார்ந்து சரிசெய்தேன். அரை மணி நேரம் ஆனது.

எங்கள் நிறுவனத்தில் ஒவ்வொரு அரை மணி நேரமும் என்ன செய்தோம் என்று டைம்ஷீட்டில் எழுத வேண்டும். அதை வைத்துத்தான் வாடிக்கையாளருக்குப் பில் போகும். நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: கணக்குப் பிரிவு, எக்செல் உதவி, அரை மணி நேரம். என் உதவிக்கு ஒரு விலை இருக்கும் என்பதே மனதில் ஏறவில்லை.

பில் போனது. அக்காவை அவருடைய மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது. எக்செலுக்கெல்லாம் யார் கன்சல்டன்ட்டைக் கூப்பிடச் சொன்னது என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டது எனக்கும் கேட்டது.

உடனே என் பாஸுக்குப் போன் செய்து, அதை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டார். "அடுத்த தடவ செய்யறதுக்கு முன்னாடியே கேளுங்க," என்றார்.

அக்காவிடம் போய், "சாரிக்கா, பில்லுலேர்ந்து எடுத்துட்டாங்க," என்றேன்.

"பரவால்ல தம்பி. ஒங்க வேல அது."

கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு, "நீங்க வேலையப் பாருங்க, நாங்க போயிட்டு வர்றோம்," என்றார். மறுநாள் அதையும் சொல்லவில்லை.

போன வாரம் அவருடைய திரை மறுபடியும் நின்றுபோனது. ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் போட்டு, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்ன கோளாறு என்பது என் நாற்காலியிலிருந்தே தெரிந்தது. இரண்டு பட்டன் தட்டினால் போதும்.

"அக்கா," என்று எழுந்தேன்.

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். "வேணாம் தம்பி, காசு கேப்பாங்க," என்று சிரித்தார். தோழியும் சிரித்தாள்.

விளையாட்டுக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். ஹெல்ப்டெஸ்க்கில் போனை எடுக்க ரொம்ப நேரமானது.